பிள்ளைப்பேறும் காப்புறுதிப் பத்திரமும்

(மாத்தளை மாவட்டம் வில்கமுவ பகுதியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நெல்லுக்கு விலை, வாய்க்காலுக்குத் தண்ணீர், யானைக்கு வேலி என்று பேசுவதற்கே நேரம் போதாத வில்கமுவையில், பிள்ளையில்லாக் குறையைப் பற்றியும் அதற்கான வைத்தியச் செலவைக் காப்புறுதி ஏற்குமா என்பதைப் பற்றியும் பேச நாம் வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "இது வீட்டுக்குள் பேசும் விடயமன்றோ, மேடைக்கு இது எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. வீட்டுக்குள் பேசவேண்டியது என்று சொல்லியே இத்தனை காலமும் இதனை விட்டு வைத்தோம். விளைந்தது என்ன? ஊருக்குத் தெரியாமல் காணி ஈட்டுக்குப் போகிறது. தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. இரண்டு மூன்று முயற்சிகள் பலிக்காமற் போனபின், கையில் பிள்ளையும் இல்லை, காலின்கீழ் நிலமும் இல்லை என்ற நிலையில் குடும்பம் நிற்கிறது. அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுதப்படுவதாலோ எழுதப்படாமல் விடப்படுவதாலோ ஒரு கமக்காரனின் காணி நிற்கும் அல்லது போகும் என்றால், அது அரசியல்தான். அதற்குரிய இடம் மேடைதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிள்ளையின்மை சாபமன்று, கருமமன்று, நாகதோஷமும் அன்று. அது நோய். பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ கருத்தடை எதுவுமின்றிக் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காத நிலையை இனப்பெருக்கத் தொகுதியின் நோய் என்றே உலக சுகாதார தாபனம் வரையறுத்திருக்கிறது. 2023-இல் அத்தாபனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் வயதுவந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர், அதாவது நூற்றுக்கு 17.5 பேர், வாழ்நாளில் ஒரு கட்டத்திலேனும் இந்நோயை அனுபவிக்கின்றனர். அந்த அறிக்கையில் நம் கவனத்தைக் கவர்ந்த கணக்கு வேறொன்று. செல்வம் மிக்க நாடுகளில் நூற்றுக்கு 17.8; மற்ற நாடுகளில் 16.5. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நோய் பணக்காரன் வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் ஒன்றுபோலவே வருகிறது. சிகிச்சைதான் பணக்காரன் வீட்டோடு நின்றுவிடுகிறது.

நமது வழக்கில் 'மலடி' என்ற சொல் எத்தனை எளிதாக வாயில் வருகிறது என்று பாருங்கள்! 'மலடன்' என்ற சொல்லும் மொழியில் உண்டு. அதை ஊரார் ஒருவனை நோக்கிச் சொல்லிக் கேட்டவர் இக்கூட்டத்தில் எத்தனை பேர்? வைத்திய நூலோ வேறு கதை சொல்கிறது. பிள்ளையற்ற தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில் ஆணின் குறையும் முழுக் காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருக்கிறது. ஆணுக்குரிய முதற் சோதனை விந்துப் பரிசோதனை. கத்தியுமில்லை, மயக்கமருந்துமில்லை, செலவும் மிகக் குறைவு. அப்படியிருந்தும் மனைவியை மூன்று வைத்தியசாலைகளுக்கு அலைக்கழித்து, அவளுக்குக் குழாய்ச் சோதனையும் செய்து முடித்தபின்னரே கணவனார் அந்தச் சோதனைக்கு இசைகின்றார். ஆண்மைக்கு இழுக்காம்! மனைவியை வெட்ட விடுவது மட்டும் இழுக்கில்லை போலும்.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். காப்புறுதி என்றால் என்ன என்று கமக்காரருக்கு நாம் விளக்கத் தேவையில்லை. இந்நாட்டில் பயிர்க் காப்புறுதி 1958-இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1961-இல் சட்டமானது. வெள்ளம் வரலாம், வறட்சி வரலாம், வஸ்கமுவக் காட்டிலிருந்து யானை வரலாம். யாருடைய வயலுக்கு வரும் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே எல்லோரும் சிறு தொகை போட்டு, இழந்தவனுக்குக் கொடுக்கிறோம். தெரியாத இழப்பைப் பலர் கூடிச் சுமப்பதே காப்புறுதி. யானை வேலியை உடைத்து வயலுக்குள் நிற்கும்போது ஒருவர் காப்புறுதிக் கந்தோருக்கு ஓடிப்போய் "என் வயலைக் காப்புறுதி செய்யுங்கள்" என்றால் யாரும் செய்யமாட்டார்கள்.

பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்குக் கம்பனிகள் பணம் கொடுக்க மறுப்பதற்குச் சொல்லும் நியாயம் இதுதான். "பிள்ளையில்லை என்று தெரிந்த பின்னரே இதற்காகக் காப்புறுதி எடுக்க வருவார்கள், தேவையற்றவர் வரமாட்டார். எடுப்பவர் எல்லோரும் பணம் கேட்பவராகவே இருந்தால் நிதி எப்படி நிலைக்கும்?" என்கிறார்கள். இந்த நியாயத்தை வெறும் இலாபவெறி என்று தள்ளிவிட நாம் தயாரில்லை. தனி மனிதர் விரும்பி எடுக்கும் காப்புறுதியில் இதற்கு வலுவுண்டு. ஆனால் ஒரு தொழிற்சாலை, ஒரு வங்கி, ஒரு திணைக்களம் தன் ஊழியர் அனைவரையும் ஒருங்கே சேர்க்கும் கூட்டுக் காப்புறுதியில் இந்த நியாயம் தளர்ந்துபோகிறது. அங்கே இளைஞரும் முதியவரும், பிள்ளையுள்ளவரும் இல்லாதவரும் எல்லோரும் இருக்கிறார்கள். யானை வந்த வயலும் வராத வயலும் ஒரே கணக்கில் இருக்கின்றன. நாடு முழுவதையும் ஒரு கூட்டாகக் கொண்டால் அந்த நியாயம் அடியோடு மறைந்துவிடுகிறது.

பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். அண்டை நாடான இந்தியாவில் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் ஒரு விதி செய்தது. சுகாதாரக் காப்புறுதியிலிருந்து கம்பனிகள் எவற்றை விலக்கினாலும் அதற்கு ஒரே வாசகத்தைத்தான் பயன்படுத்தவேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டெண் இருக்கவேண்டும் என்பது அந்த விதி. அந்தப் பட்டியலில் பதினேழாம் விலக்கு மலட்டுத்தன்மையைப் பற்றியது. நான்கு விடயங்கள் அதில் அடங்குகின்றன. கருத்தடையும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும். செயற்கை முறை விந்தேற்றம், உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கும் ஐ.வி.எப். முதலிய உதவிக் கருத்தரிப்பு முறைகள், வாடகைத் தாய், ஏற்கெனவே செய்த கருத்தடையை மீளத் திறக்கும் சத்திரசிகிச்சை. பதினெட்டாம் விலக்கு மகப்பேற்றுச் செலவு. நம் நாட்டுக் கம்பனிகளின் வைத்தியக் காப்புறுதிப் பத்திரங்களிலும் இதே பொருளுடைய வாசகம் வழக்கமாகக் காணப்படுவதே. பெரும்பாலும் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987-இல் அரசியலமைப்பில் எழுதிக்கொண்டோம். பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் தமிழன் எதில் வைக்கிறான் என்பதைத் தன் மொழியில் கேட்டு வாங்காவிட்டால், அந்த எழுத்து ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

இந்த விலக்கைப் படிக்கும்போது அவசரப்படக்கூடாது. பலர் "மலட்டுத்தன்மை விலக்கு" என்ற தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, பிள்ளைப்பேற்றோடு தொடர்புடைய எதற்கும் ஒரு சதமும் கிடைக்காது என்று திரும்பிவிடுகிறார்கள். அது சரியன்று. பிள்ளையின்மை பெரும்பாலும் வேறொரு நோயின் விளைவு. கருப்பையிற் கட்டி, கருப்பை உட்சவ்வு வெளியே வளர்தல், சூலகத்தில் நீர்க்கட்டி, கேடயச் சுரப்பிக் குறைபாடு, ஆண்களுக்கு விதைப்பையில் நாளம் புடைத்தல், பழைய காசநோய் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கியிருத்தல் என்று அவை பல. இவை ஒவ்வொன்றும் பிள்ளை வேண்டாதவரையும் வருத்தும் நோய்கள். கட்டி இரத்தப்போக்கை உண்டாக்குகிறது. சவ்வு வளர்ச்சி மாதந்தோறும் பெண்ணை வலியில் துடிக்க வைக்கிறது. அந்த நோய்க்காக வைத்தியசாலையில் தங்கிச் செய்யும் சத்திரசிகிச்சை வேறு. பிள்ளைக்காகச் செய்யும் கருவூட்டல் வேறு. முன்னையது பத்திரத்திற்குள் வரக்கூடியது. பின்னையதே வெளியே தள்ளப்படுவது.

ஆகவே வைத்தியரின் அறிக்கையில் என்ன எழுதப்படுகிறது என்பது பெரிய விடயம். இரத்தப்போக்குக்காகவும் வலிக்காகவும் கட்டியை அகற்றிக்கொண்ட பெண்ணின் சீட்டில் "மலட்டுத்தன்மைக்காக" என்ற ஒரே சொல்லை மட்டும் எழுதிவிட்டால் கோரிக்கை தள்ளப்படும். உண்மை நோய் எதுவோ அதனை முழுதாக எழுதும்படி வைத்தியரைக் கேட்க நோயாளிக்கு உரிமையுண்டு. பொய் எழுதச் சொல்லுங்கள் என்று நாம் கூறவில்லை. அப்படிச் செய்வது தவறு மட்டுமன்று, முட்டாள்தனமும்கூட. காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின்மேல் நிற்பது. விண்ணப்பத்தில் முன்பே இருந்த நோயை மறைத்தவருக்கு, வேறொரு நோய்க்காகப் பணம் கேட்கும் நாளிற்கூட, அந்த மறைப்பைக் காட்டிக் கதவடைக்கக் கம்பனிக்கு வழியுண்டு. பத்திரத்தை விற்க வரும் முகவர் "அதெல்லாம் எழுதத் தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சிரித்துச் சொன்னால், அவரிடம் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் பார்த்துக்கொள்ளப்போவது தம் தரகுப் பணத்தை.

வாங்குமுன் கேட்கவேண்டியவற்றை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பிள்ளையின்மைக்கான காரணத்தைக் கண்டறியும் சோதனைகளுக்குப் பணம் உண்டா? முன்பே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் எத்தனை மாதம்? வைத்தியசாலையில் இராத்தங்காமற் செய்யும் சிகிச்சை சேருமா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சிறிதென எண்ணவேண்டாம். பிள்ளைப்பேற்றுச் சிகிச்சையிற் பெரும்பகுதி ஊசியும் மாத்திரையும் அலகிடலுமாக, வந்து போகும் நோயாளியாகவே நடப்பது. இரண்டு இரவு தங்கினாற்றான் பணம் என்ற பத்திரம் அங்கே வெறும் காகிதம். கோரிக்கை நியாயமின்றித் தள்ளப்பட்டால், முதலிற் கம்பனியிடமே எழுத்தில் முறையிட வேண்டும். அதன் பின்னர் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவும் இருக்கின்றன.

இவ்வளவும் பத்திரம் வைத்திருப்பவர்க்கு. இங்கே அமர்ந்திருப்போரில் எத்தனை பேரிடம் அந்தப் பத்திரம் இருக்கிறது? ஆசிரியர், எழுதுவினைஞர் முதலிய அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. அதிலே மகப்பேற்றுக்கும் ஒரு தொகை கிடைக்கிறது. பிள்ளை பிறக்கும்போது பணம் தரும் திட்டத்தை, பிள்ளை பிறப்பதற்கு உதவும்படி விரிக்கக் கேட்பது தொழிற்சங்கங்களின் கடமை. தனியார் துறையிலும் தோட்டங்களிலும் வேலை செய்வோருக்காக முதலாளி மாதந்தோறும் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதம் ஊழியர் நம்பிக்கை நிதியிற் கட்டுகிறார். இருதய சத்திரசிகிச்சைக்கும் சிறுநீரக மாற்றுக்கும் கண்வில்லைக்கும் அந்த நிதி உதவுகிறது. நல்ல காரியம். கமக்காரனுக்கோ? 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. முதுமைக்கு ஓய்வூதியம், அங்கவீனத்துக்கு நட்டஈடு, இறந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை என்பன அதன் நோக்கங்கள். முதுமைக்கும் மரணத்துக்கும் வழிசெய்த திட்டத்தில், பிறப்புக்கு ஒரு வழி எழுத எவருக்கும் தோன்றவில்லை. வயலுக்கு யானை வந்தால் நட்டஈடு உண்டு. அந்த வயலை உழப் பிள்ளையில்லை என்றால் ஒன்றுமில்லை.

வெளிநாடுகளில் எப்படி என்று கேட்பீர்கள். நம்மவர் பரந்து கிடக்கும் நாடுகளையே எடுத்துப் பார்ப்போம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நால்வர் நான்கு நாடுகளில் வாழும் குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கும் அண்ணனுக்கு, 2015 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின்கீழ், மனைவியின் வயது 43-க்குக் குறைவாயின் வாழ்நாளில் ஒரு முறை ஐ.வி.எப். சிகிச்சையை மாகாண அரசு ஏற்கிறது. மருந்துச் செலவு மட்டும் அவர் தலையில். பிரான்சில் இருக்கும் தங்கைக்குச் சமூகக் காப்புறுதி நான்கு முயற்சிகள் வரை ஏற்கிறது. ஜேர்மனியில் உள்ள தம்பிக்கு, அவர் சட்டப்படி மணமானவராகவும் மனைவி 25-க்கும் 40-க்கும் இடைப்பட்டவராகவும் இருந்தால், மூன்று முயற்சிகளுக்குப் பாதிச் செலவு; 2004-ஆம் ஆண்டுக்கு முன்னர் முழுச் செலவும் கிடைத்தது, சிக்கனம் என்ற பெயரில் பாதியாக வெட்டினார்கள். சுவிற்சர்லாந்தில் உள்ள அக்காவுக்கு அடிப்படைக் காப்புறுதி விந்தேற்றத்துக்கு மூன்று தடவை கொடுக்கும், ஐ.வி.எப். என்றால் கையை விரித்துவிடும். இலண்டனில் இருக்கும் மச்சானுக்கோ இன்னும் வேடிக்கை. 40 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு மூன்று முழுச் சுற்றுகள் கொடுக்கவேண்டும் என்று 2013-இல் தேசிய வழிகாட்டி கூறியது. ஆனால் முடிவு உள்ளூர்ச் சுகாதார சபைகளின் கையில். ஆகவே எந்தத் தெருவில் வீடு என்பதைப் பொறுத்து மூன்றோ ஒன்றோ கிடைக்கிறது.

இஸ்ரேல் நாட்டில் இரண்டு பிள்ளைகள் பிறக்கும்வரை, பெண்ணுக்கு 45 வயதாகும் வரை, அரசு ஏற்கிறது. ஜப்பானில் பிறப்பு விகிதம் சரிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்படும் நிலை வந்தபின், 2022 ஏப்ரல் முதல் தேசியக் காப்புறுதியில் இதனைச் சேர்த்தார்கள். அமெரிக்காவிலே மசாசூசெற்ஸ் மாநிலம் 1987-இலேயே கம்பனிகளைச் சட்டத்தினாற் கட்டாயப்படுத்தியது. இவற்றில் எதனையும் அப்படியே பெயர்த்து இங்கே நடலாம் என்று நாம் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கம்பனி தானாக மனமிரங்கிக் கொடுத்த நாடு இந்தப் பட்டியலில் இல்லை. சட்டமோ அரசின் பணமோ வந்த இடத்திலேதான் நோயாளிக்குக் கதவு திறந்தது.

இந்தச் சிகிச்சையின் கதையே ஒரு பாடம். 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 3-இல் கல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகோபாத்தியாயவின் முயற்சியால் இரண்டாவது குழந்தை பிறந்தது. ஓல்டாம் ஆராய்ச்சியாளரான எட்வர்ட்சுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. கல்கத்தா வைத்தியருக்கோ தம் மாநில அரசு அமைத்த குழுவின் அவமதிப்பும், தொடர்பற்ற இடத்துக்கு மாற்றமுமே கிடைத்தன. 1981-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அறிவு நம் பக்கத்திலும் இருந்தது. அதனைத் தாங்க அரசு இருக்கவில்லை. பின்னர் 1990-இல் சென்னையில் வைத்தியர் கமலா செல்வராஜின் தனியார் வைத்தியசாலையில் தென்னிந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதற்குப் பின் தமிழ்நாட்டு நகரங்களெங்கும் தனியார் நிலையங்கள் முளைத்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் நம்மவர் கப்பலேறாக் குறையாய் விமானமேறிப் போய்வந்தார்கள். அரசு வைத்தியசாலையில் ஏழைக்கு அந்தக் கதவு திறக்க மேலும் 34 ஆண்டுகள் ஆயின. 2024-இற்றான் சென்னை எழும்பூர் அரசு மகப்பேற்று வைத்தியசாலையில் செயற்கைக் கருத்தரிப்பு நிலையம் ஏழைகளுக்காகத் திறக்கப்பட்டது.

நம் நாட்டிலே இலவச வைத்தியம் உண்டு. அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசமாட்டோம். போதனா வைத்தியசாலைகளில் பிள்ளையின்மைக்கான சோதனைகளும், சூல் முதிரச் செய்யும் மருந்துகளும், சத்திரசிகிச்சைகளும் பணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் ஐ.வி.எப். வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்ததும் ஏழைத் தம்பதியர் பெரும்பாலும் தனியார் வாசலுக்கே தள்ளப்படுகின்றனர். அங்கே ஒரு முயற்சிக்கே பல இலட்சம் ரூபாய். அந்த ஒரு முயற்சியும் பலிக்கும் என்ற உறுதி கிடையாது. 35 வயதுக்குக் குறைந்த பெண்களிடத்திலும், நன்கு நடக்கும் நிலையங்களிலேகூட, பலிப்பது ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். விளம்பரப் பலகையில் அழகிய குழந்தையின் படத்தைப் போடுபவர் இந்தக் கணக்கையும் அதே அளவு எழுத்தில் போடவேண்டும் என்று சட்டம் செய்தால் என்ன?

பலிக்குமா பலிக்காதா என்று தெரியாத செலவைத் தனிக் குடும்பம் ஒன்றின் தலையில் ஏற்றுவதைவிடக் கொடுமை வேறில்லை. அறுவடையில் மூன்றில் இரண்டு பங்கு அழியும் என்று தெரிந்த பயிருக்கு வட்டிக்கடன் வாங்கும் கமக்காரனை நாமே தடுத்து நிறுத்துவோம். பிள்ளை என்றால் தடுக்க மனம் வருமா? வராது. ஆகவேதான் அந்தச் சுமை பலர் தோளுக்குப் போகவேண்டும் என்கிறோம்.

கமக்காரரிடம் தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. 1977-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ரோப் என்னும் ஊரில் பூச்சிகொல்லி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்கள் சிலர், மதிய உணவு வேளையில் பேசிக்கொண்டிருக்கையில், தம்மில் எவருக்கும் அண்மையில் பிள்ளை பிறக்கவில்லை என்பதை உணர்ந்தார்கள். சோதித்தபோது பலருக்கு விந்தணுவே இல்லை. நுண்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தே காரணம் என்று தெரிந்தது. 1979-இல் அமெரிக்கா அதன் பயன்பாட்டைப் பெரும்பாலும் நிறுத்தியது. ஆனால் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களிலே அதனைத் தெளித்த கூலித் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் பின்னரும் பல்லாண்டுகள் நீதிமன்றங்களில் அலைந்தார்கள். அந்த ஆண்களின் குறையை முதலிற் கண்டுபிடித்தது எந்த அரசாங்கக் கந்தோருமன்று. வெட்கத்தை விட்டுத் தம்முட் பேசிக்கொண்ட தொழிலாளர்தாம். மருந்து தெளிக்கும் நாளில் முகமூடியும் கையுறையும் அணியுங்கள். வைத்தியரிடம் போகும்போது எந்த மருந்தை எத்தனை ஆண்டுகள் தெளித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வேலையால் வந்த நோய் என்று நிறுவப்படுமானால் அது காப்புறுதி விலக்கின் கதையன்று, நட்டஈட்டின் கதை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இந்நாட்டில் 1934-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

"அரசு கேட்குமா?" என்று அங்கே ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. இதே வில்கமுவையில் சிறுநீரக நோய் வந்தபோது என்ன நடந்தது என்பதை நீங்களே அறிவீர்கள். முதலில் விதி என்றார்கள். பிறகு குடிப்பழக்கம் என்றார்கள். மக்கள் விடவில்லை. அந்நோயின் காரணம் முழுதாக நிறுவப்படாத நிலையிலும் சுத்திகரித்த குடிநீர் வந்தது, இரத்தம் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன, நோயாளிக்கு மாதாந்த உதவிப்பணம் வந்தது. போதுமான அளவு வந்ததா என்பது வேறு வழக்கு. நோய் என்று ஏற்கப்பட்டது. அதுவே முதல் வெற்றி. பிள்ளையின்மைக்கு இன்னும் அந்த முதற் படியே வரவில்லை. அது வராததற்கு ஒரு காரணம், சிறுநீரக நோயாளி வீதிக்கு வந்து நின்றார். பிள்ளையில்லாதவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு நாவில்லை. மஞ்சள் நீராட்டிலும் வளைகாப்பிலும் அவரை ஒதுக்கி நிறுத்திய ஊர் நாம்தானே!

நாளைக்கே செய்யக்கூடியது எது என்று தாய்மார் கேட்கலாம். உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் தகுதிவாய்ந்த தம்பதியரின் பதிவேடு இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பதிவதற்கும் கருத்தடை மாத்திரை கொடுப்பதற்கும் மட்டுமே அவர் என்று பலர் எண்ணுகிறார்கள். பிள்ளையில்லாத தம்பதியரைப் பதிந்து சுகாதார வைத்திய அதிகாரி மூலம் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவதும் அவர் கடமையே. மணமாகி ஓராண்டு கழிந்தும் கருத்தரிக்காவிட்டால், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, அவரிடம் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து போங்கள். கண்டிக்கோ பேராதனைக்கோ போய்வர ஒரு நாட் கூலி போகும்; ஆண்டுகள் போனாலோ திரும்பி வாரா, பெண்ணின் வயது ஏற ஏற எந்தச் சிகிச்சையின் பலனும் குறைந்துகொண்டே போகும். கோயில் நேர்த்தியை நாம் தடுக்கவில்லை. நேர்த்தி வைத்த கையோடு பஸ்ஸிலும் ஏறுங்கள்.

உத்தியோகத்தராக இருப்போர்க்கு வேறு வேலை உண்டு. உங்கள் நிறுவனத்தின் கூட்டுக் காப்புறுதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கும் மாதத்தில் நலன்புரிச் சங்கம் கம்பனியோடு பேரம் பேசுகிறது. மூக்குக்கண்ணாடிக்கும் பல்லுக்கும் எத்தனை ரூபாய் என்று பேசுகிறீர்கள். அந்தப் பேச்சில் பிள்ளையின்மைச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் ஒரு வரம்புத் தொகை கேளுங்கள். முதலாண்டு மறுப்பார்கள், மறுப்பை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது இரண்டே. ஐ.வி.எப். சிகிச்சை தலைநகரோடு நில்லாமல் மாகாணத்துக்கு ஒரு போதனா வைத்தியசாலையிலேனும் இலவசமாக நடக்கவேண்டும். கமக்காரர் ஓய்வூதியத் திட்டத்திலும் அக்ரஹார காப்புறுதியிலும் பிள்ளையின்மை ஒரு நோயாகப் பெயர் சொல்லி எழுதப்படவேண்டும். இவற்றைக் கோரிக்கையாக எழுதியிருக்கிறோம். தமிழிலும் சிங்களத்திலும் பிரதிகள் மேசைமேல் இருக்கின்றன. சிங்களக் கமக்காரரின் வீட்டிலும் இதே துயரம் இருப்பதால் அவர்களும் ஒப்பமிடுவார்கள் என்றே நம்புகிறோம். பெயர் எழுத விரும்பாதவர் கிராமத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் போதும். பத்திரம் வைத்திருப்போர் அதனைக் கொண்டுவந்திருந்தால், கூட்டம் முடிந்தபின் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்வதற்கு நம்மோடு வந்த ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.